படத்தில் மணி நாலே கால்

அந்தப் படத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கணப்படுப்பின் மேல்பலகையில், இரண்டு பீங்கான் நாய்களுக்கு நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்கு வரைந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்ன முள் நாலைச் சற்றுத் தாண்டியும் பெரிய முள் மூன்றிலும் நிற்பது தெரியும். நாலே கால். அந்த நாலே காலை நம்பி எங்கள் வீட்டில் பதினோரு நாள் ஒரு கூத்து நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. என் மாற்றுச் சான்றிதழும், அத்தையின் கல்யாணப் பத்திரிகையும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கல்யாணம் அடுத்து வந்த தை மாதத்தில். ஆகவே ஆண்டைப் பற்றிச் சந்தேகமே இல்லை. நாள்தான் சரியாக அகப்படவில்லை. சித்திரை பிறந்து முதல் வாரத்துக்குள் படம் வந்தது, கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு கூத்து முடிந்தது என்பது வரை உறுதியாகச் சொல்வேன்.

நைனார்பாளையத்தில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தம்பியான என் அப்பா சின்னசேலத்தில் ஒரு மணிலாக்கொட்டை மண்டியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயந்திரம் வந்து திங்கள் விடியலில் திரும்பிவிடுவார். வீட்டில் பெரியம்மா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்து நின்றவள். பெரியப்பாவுக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான்.

பெரியப்பா கலப்பைக்கு மரம் பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போனார். மலைமேல் யாரோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம். மரத்துக்குப் பதிலாக ஒரு சாய்வு நாற்காலியும், பழைய துப்பட்டியில் சுற்றிய இந்தப் படமுமாக அவர் வந்து இறங்கினார். இறக்கம் முழுவதும் ஆள் தலைச்சுமை. கச்சிராயபாளையத்திலிருந்து பஸ். கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை அந்த வாரம் முழுக்க எல்லாரிடமும் சொன்னார்.

கூடத்துச் சுவரில் படத்தை மாட்டியதும் நாங்கள் கூடி நின்று பார்த்தோம். பூப்போட்ட சுவர் கொண்ட ஓர் அறை. ஒரு துரைசானி பல்வரிசை வைத்த மேசை போன்ற ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்; அது பியானோ என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இன்னொருத்தி மடியில் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மீசைக்காரத் துரை கால்மேல் கால் போட்டு ஒரு புத்தகத்தை உரக்கப் படிப்பதுபோல் வாயைத் திறந்திருந்தார். தரையில் கம்பளத்தின்மேல் ஒரு சிறுமி, மடியில் பூனை. கணப்படுப்பில் தீ எரிந்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இப்படி வீட்டுக்குள் குடும்பம் இளைப்பாறும் காட்சிகளை வரைந்து, அச்சடித்து, நாடெங்கும் விற்றார்கள் என்று பின்னாளில் படித்தேன். அன்று அது எங்களுக்கு யாரோ தெரியாதவர்கள் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த வெயில்ல நெருப்ப மூட்டிக்கினு குந்திக்கினு கீறாங்களே, கூதலா இன்னா?" என்றாள் பெரியம்மா.

அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "எல்லாரும் இங்கியே குந்திக்கினு இருந்தா, அடுப்பாண்ட யாரு கீறாங்க?"

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் உட்காருவதும் பேசுவதும் எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. இருவரும் ஒரே இடத்தில் நின்றாலும் அம்மா என்னிடம் சொல்வாள்; நான் அதை அப்படியே பெரியப்பாவிடம் சொல்வேன்; அவர் பதிலை என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் முறை முறைதான். நான் கேள்வியைச் சொன்னேன்.

பெரியப்பா யோசித்தார். "அவங்க நேரம் பிரிச்சி வெச்சிக்கிறாங்க. நாலு மணிக்கு எல்லாரும் வேலைய நிறுத்திட்டு ஒண்ணாக் குந்துறாங்க. பாரு, கடியாரத்துல மணி இன்னா?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நம்ம வூட்டுப் பொம்பளைங்க காலைலேருந்து ஒரு நாழி ஓய்ஞ்சி குந்தி நான் பார்த்ததே இல்ல. நாளைலேருந்து நாலு மணிக்கு எல்லாரும் கூடத்துல குந்தணும். சும்மா இருக்கணும்" என்று அறிவித்தார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் தினமும் நாலு மணிக்குச் சும்மாதான் இருந்தார்கள்.

மூன்றரை மணிக்குப் பெரியப்பா டீக்கடைக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் கொல்லைப்புறப் புங்கமரத்தடியில் சாக்கு விரியும். பெரியம்மா காலை நீட்டிப் போடுவாள். அம்மா தலையை அவிழ்த்துக் காயவிடுவாள். மாட்டுக்கொட்டகை வேலைக்கு வரும் அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். அத்தை தொடர்கதை படிப்பாள். மண்டி முதலாளி வீட்டில் படித்து முடித்த வார இதழை அப்பா சனிக்கிழமைதோறும் கொண்டுவருவார். அதில் கோமதி என்ற பெண்ணின் கதை வந்துகொண்டிருந்தது. மாமியார் கொடுமை. வாரத்துக்கு ஒரு பகுதிதான் வரும். அத்தை அதை நாளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வாரம் முழுக்க நீட்டுவாள்.

அத்தை படிப்பதைப் பற்றி எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. மாசி மாதத்தில் ஒரு வாரம் இதழ் வரவில்லை. மண்டியில் யாரோ அதைக் கிழித்துப் பொட்டலம் கட்டிவிட்டார்கள். கொட்டகை அக்கா ஏமாந்துபோவாளே என்று அத்தை ஒரு பழைய இதழை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ படித்தாள். அந்தப் படிப்பில், கோமதி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் வந்த இதழில் கோமதி அதே வீட்டில் அழுதுகொண்டு கிடந்தாள். கிளம்பியவளைத் திருப்பிக் கூப்பிட அத்தைக்கு வழியில்லை. அதனால் கோமதி ரயிலேறினாள். சேலத்தில் இறங்கினாள். நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தை அருகில் உட்கார்ந்து பக்கத்தை எட்டிப் பார்ப்பேன். அவள் வாயிலிருந்து வருவதற்கும் அச்சில் இருப்பதற்கும் தொடர்பே இருக்காது. பெரியவர்கள் படிப்பது இப்படித்தான் போலிருக்கிறது, ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்து நான் யாரிடமும் கேட்கவில்லை.

இதெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது. "பொஸ்தகம் படிச்சிப் படிச்சிதான் பொண்ணுங்க கெட்டுப் போவுது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். வீட்டை விட்டு ரயிலேறிப் போகிற பெண்ணின் கதையை அவருடைய தங்கை தன் சொந்த வாயால் நெய்து கொல்லையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் இதழ்கள் அடுப்புக்குப் போகும். புங்கமரத்தடியும் அத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே மறுநாள் நாலு மணிக்கு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம்.

பெரியப்பா படத்தைப் பார்த்துப் பார்த்து எங்களை உட்காரவைத்தார். மீசைக்காரத் துரையின் இடம் அவருக்கு. சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட முயன்றார், அந்த நாற்காலியில் அது முடியவில்லை. தைக்கிற துரைசானி இடத்தில் பெரியம்மா. வீட்டில் பூத்தையல் தெரிந்தவர் யாருமில்லை என்பதால் அவள் கோணி ஊசியும் நாலு கிழிந்த சாக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். பியானோ இடத்தில் நெல் குதிர் இருந்தது. அதன் முன்னால் ஒரு முக்காலியில் அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மாதான் பெரும் சிக்கல். மூத்தார் முன்னால் அவள் எப்படி உட்காருவாள்? கடைசியில் சமையலறை நிலைப்படிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். புடவை முந்தானை ஒரு சாண் கூடத்துக்குள் தெரிந்தது. "அது போதும்" என்றார் பெரியப்பா.

கம்பளத்துச் சிறுமி நான். எங்கள் பூனை மடியில் தங்கவில்லை. அதனால் ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

முதல் நாள் கோணி ஊசி சாக்கில் புகுந்து வரும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மாவுக்குக் காலை நீட்ட முடியவில்லை. அம்மாவுக்குத் தலையை அவிழ்க்க முடியவில்லை. சிரிப்பு வந்தால் அத்தை நெல் குதிரோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். பெரியப்பா ரொம்பத் திருப்தியாக, "இன்னா சொகமா கீது பாத்தியா?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

"ரொம்ப சொகம்" என்றாள் பெரியம்மா, ஊசியைப் பல்லில் கடித்து இழுத்தபடி.

இரண்டாம் நாளிலிருந்து, படத்துத் துரைபோல் அவரும் உரக்கப் படிக்கத் தொடங்கினார். டீக்கடையிலிருந்து கொண்டுவந்த நேற்றைய செய்தித்தாள். பருத்தி விலை, மழை நிலவரம், எங்கோ ஒரு பாலம் திறந்தது எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, ஒரு வரியும் விடாமல் படித்தார். ஆட்டுக்குட்டி என் மடியிலும் சாக்கிலும் புழுக்கை போட்டது. கொல்லையில் கொட்டகை அக்கா கூடையோடு காத்துப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் கூடத்துக்குள் வரமாட்டாள்; வரவும் விடமாட்டார்கள். காலையில் என்னைப் பிடித்துக் கேட்பாள்.

"கண்ணு, கோமதிக்கு மில்லுல சம்பளம் குடுத்தாங்களா?"

"தெரியாதுக்கா. அத்தை படிக்கல."

"அந்தப் படம் எப்பதான் கீழ வுழுமோ!" என்பாள்.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்தார்கள். ஒருநாள் மாடு அவிழ்த்துக்கொண்டது என்றார்கள். பெரியப்பா சளைக்கவில்லை. பாலை இறக்கிவிட்டு வரச் சொன்னார்; மாட்டைத் தானே போய்க் கட்டிவிட்டு வந்தார். ஓய்வு கொடுப்பதில் அவ்வளவு கண்டிப்பு.

பதினோராம் நாள் டீக்கடையில் செய்தித்தாள் கிடைக்கவில்லை. பெரியப்பா வெறுங்கையோடு உட்கார்ந்து படத்துத் துரையின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். "வூட்ல படிக்கறதுக்கு வேற இன்னா கீது?" என்று பொதுவாகக் கேட்டார்.

கேள்வி கேட்டால் பதில் சொல்வதில் நான் வகுப்பிலேயே முதல். ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டு ஓடினேன். அத்தையின் தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து போன சனிக்கிழமை வந்த இதழை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அத்தை முக்காலியோடு குதிர்ப் பக்கம் நகர்ந்தாள். அம்மாவின் முந்தானை நிலைப்படிக்குள் மெல்ல இழுபட்டு மறைந்தது.

பெரியப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "யாருது இது?"

"தம்பி கொண்டாந்ததுதான். அடுப்புப் பத்த வெக்க" என்றாள் பெரியம்மா.

அவர் முகம் கடுகடுத்தது. ஆனாலும் படிக்கவேண்டிய நேரத்தில் கையில் அகப்பட்டது அது ஒன்றுதான். பிரித்தார். தொடர்கதைப் பக்கம் தானாக விரிந்தது. அத்தை தனியாக அவ்வளவு தடவை விரித்த பக்கம். வழக்கம்போல் எழுத்துக் கூட்டிப் படித்தார். நாலைந்து வரி போனதும் குரல் மாறிவிட்டது. கோமதி அழுகிறாள். மாமியார் தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள். பொழுது சாய்கிறது. கோமதி தோட்டத்துப் பக்கம் நடக்கிறாள். பெரியப்பா ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, "கோமதி கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறினாள். கண்களை மூடிக்கொண்டாள்" என்று படித்து முடிக்கவும், கொல்லைப்பக்க ஜன்னலில் ஒரு குரல் வெடித்தது.

"அய்யய்யோ! இல்லீங்கய்யா! கோமதி கெணத்தாண்டவே போவலீங்க!"

கொட்டகை அக்கா. சாணிக்கூடை இடுப்பில் இருக்க, ஜன்னல் கம்பியை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். எத்தனை நாளாக அங்கே நின்று பருத்தி விலையைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அவதான் ரயிலேறி சேலத்துக்குப் போய்ட்டாளே! மில்லுல வேல செஞ்சிக்கினு கீறா. பாப்பாம்மா படிச்சாங்களே!"

அதைச் சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கம்பியை விட்டுவிட்டாள். ஆனால் போகவில்லை.

பெரியப்பா பக்கத்தைப் பார்த்தார். விரலை வரியின் கீழே வைத்து மறுபடி பார்த்தார். "இங்க கெணறுன்னுதான் போட்டுக்கீது" என்றார். பிறகு தலையைத் தூக்கினார். "பாப்பா, நீ இன்னா படிச்ச?"

அத்தை திரும்பவே இல்லை. வியர்வையில் நனைந்த ரவிக்கை அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பெரியம்மா கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினாள். "அச்சுல தப்பு வுழுந்திருக்கும்" என்றாள், சாதாரணமாக. "போன வாரம் ரயில்ல ஏத்திட்டு இந்த வாரம் கெணத்துல தள்ளுவானா? வேற கதையக் கொண்டாந்து இதுல சேத்துட்டான் போல. நீங்களே பாருங்க, நல்லாவா கீது?"

பெரியப்பா அச்செழுத்தை வேதமாக நினைப்பவர். விரல் இன்னும் அந்த வரியின் கீழேயே இருந்தது. அப்போது நிலைப்படிக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எப்போதும் காதோடு சொல்பவள், அன்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு சாவக் கூடாதுன்னு சொல்லு."

அவர் கேட்டுவிட்டார். எல்லாரும் கேட்டாயிற்று. ஆனாலும் முறை இருக்கிறதே. நான் எழுந்து நின்று, ஒப்புவிப்பதுபோல், "அந்தப் பொண்ணு சாவக் கூடாதாம் பெரியப்பா" என்றேன்.

அவர் இதழை மூடினார். திறந்தார். படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அவர் அதை அடுப்பில் போடப்போகிறார் என்றுதான் தோன்றியது. நாற்காலியிலிருந்து எழாமலே இதழை அத்தை பக்கம் நீட்டினார்.

"சரி. ரயில்ல போனவ இன்னா ஆனா? அதப் படி."

அத்தை வாங்கினாள். திறந்த அவசரத்தில் பக்கங்கள் தாறுமாறாகப் புரண்டு ஒரு கூந்தல் தைல விளம்பரத்தில் நின்றன. நான் எட்டிப் பார்த்தேன். நீளக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், கீழே நாலு வரி. அந்த நாலு வரியிலிருந்து அத்தை அரை மணி நேரம் படித்தாள். தொடக்கத்தில் குரல் எழவில்லை. ஜன்னலிலிருந்து, "சத்தமா, பாப்பாம்மா" என்று கேட்டதும் எழுந்தது. கோமதிக்கு முதல் சம்பளம் வந்தது. அவள் ஒரு தகரப் பெட்டி வாங்கினாள், பூட்டோடு. பெரியப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் கூடத்தில் உட்காரும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டார். "இந்த ஆட்டுக்குட்டி கூடத்தையே நாஸ்தி பண்ணுது. எல்லாரும் போயி அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றார். எனக்கு ஆட்டுக்குட்டிமேல் பரிதாபமாக இருந்தது. நாலு மணிக்குப் புங்கமரத்தடியில் சாக்கு விரிந்தது. பெரியம்மா காலை நீட்டினாள். கொட்டகை அக்கா கூடையைக் கவிழ்த்தாள்.

படம் சுவரிலேயே இருந்தது. ஆனால் பெரியப்பா டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். சாய்வு நாற்காலியைப் படத்துக்கு எதிரிலிருந்து நகர்த்திக் கொல்லைப்பக்க ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டார். காற்று வருகிறதாம். அது மேற்குப் பார்த்த ஜன்னல். சாயந்திரத்தில் வெயிலும் கொட்டகை வாடையும் தவிர அதன் வழியாக எதுவும் வராது. செய்தித்தாளை முகத்தின்மேல் விரித்துக்கொண்டு நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை அங்கேயே கிடப்பார். அவர் உள்ளே இருப்பது பெண்களுக்குத் தெரியும். யாரும் காலை மடக்கவில்லை. அத்தை மட்டும் முன்பைவிடச் சற்று உரக்கப் படித்தாள். தொண்டை கட்டியதற்குப் பெரியம்மா மிளகு கொடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போனது ஐப்பசியில். அதற்குள் கோமதி தையல் பழகியிருந்தாள். சேலத்தில் ஒரு வாடகை அறையும் பிடித்திருந்தாள். அவள் அறையில் என்ன மாட்டியிருந்தாள் என்று கொட்டகை அக்கா ஒருநாள் கேட்டாள். "ஒரு படம். கடியாரம் வரைஞ்ச படம்" என்று அத்தை பக்கத்தைப் பார்த்துப் படித்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்கெல்லாம் முன்னால், வைகாசி கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம், பெரியப்பா ஒரு நிலத்து வில்லங்க விஷயமாக உளுந்தூர்பேட்டைக்குப் போய் இரவு தங்கி மறுநாள் மதியம் திரும்பினார். அவர் இல்லாத அன்று அத்தை ஒரு நீளப் பகுதி படித்தாள். கோமதியைத் தேடி அவள் அண்ணன் சேலத்துக்கு வந்து, மில் வாசலில் நின்று, அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப்போகிற இடம். மறுநாள் நாலு மணிக்கு அத்தை உட்கார்ந்தாள், இதழை விரித்தாள், அதே பகுதியை முதலிலிருந்து தொடங்கினாள். அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

"நேத்தே படிச்சிட்டியே அத்தை" என்றேன்.

பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள். நல்ல கிள்ளு, இரண்டு நாள் கன்றியிருந்தது. அத்தை நிறுத்தவில்லை. கொட்டகை அக்கா, முந்தின நாள் அழுத அதே இடத்தில் மறுபடி அழத் தயாராக முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

தப்பு என்மேல்தான் இருக்குமோ என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பெரியம்மா, அம்மா, அத்தை, அக்கா, நான். நேற்றும் ஐந்து பேர், இன்றும் ஐந்து பேர். நேற்று கேட்காதவர் என்று ஒருவர்கூட அந்த மரத்தடியில் இல்லை. பிறகு எதற்காகத் திரும்பப் படிக்கிறாள் என்று தொடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குள் செய்தித்தாள் ஒருமுறை சரசரத்து அடங்கியது.